தூமினி வயலில் நாலு சென்டி பாக்கி

ஹந்தோகோ சாருக்கு ஒரு புல்தரை வேண்டும். நெல் வேண்டாம், காய் வேண்டாம், நிழல்கூட வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்க ஒரு பச்சை போதும். தலைநகரில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மலாங் ஊருக்கு மேலே மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். இங்கேயும் உட்காரத்தான்.

புல்தரை போடுவது என் தொழில். முந்நூறு சதுர மீட்டர். அளந்துவிட்டுச் சொன்னேன்: "அறுபது கன மீட்டர் மண்ணு வேணும் சார்."

அவர் போனை எடுத்துத் தட்டினார். "முந்நூறு. பதினஞ்சு சென்டி கனம். நாப்பத்தஞ்சுதானே வருது? மிச்சம் பதினஞ்சு யாருக்கு, உன் மாமியார் வீட்டுக்கா?"

"லாரியில வர்ற மண்ணு பொலபொலன்னு இருக்கும் சார். நல்ல மழை பட்டா கால்வாசி அமுங்கிடும்."

"மண்ணு அமுங்கும். கணக்கு அமுங்காதுப்பா."

சொல்லிவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவும் பழகிய சிரிப்பு ஒன்றைச் சிரித்துவைத்தார்.

அவர் சொன்ன நாற்பத்தைந்து கன மீட்டர் மண்ணும் தூமினி அக்காவின் வயலிலிருந்து வந்தது. வாய்க்காலைவிட மேடாகிப்போன வயல். தண்ணீர் ஏறாமல் இரண்டு போகம் தரிசு. மேல்மண்ணை எடுத்தால் வயல் இறங்கும், தண்ணீர் தானே வரும். ஆனால் ஒரு சாணுக்குக் கீழே, உழுது உழுது இறுகிய கெட்டித் தரை இருக்கிறது. தண்ணீரை நிறுத்திவைப்பது அதுதான். அது உடைந்தால் வயல் சல்லடை.

"எவ்வளவு ஆழம் போவும், தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

வெட்டினால் மண் பொங்கும். லாரியில் நாற்பத்தைந்தாக நிற்பது வயலில் முப்பத்தாறுதான். அவளுடைய இருநூறு சதுர மீட்டரில் பதினெட்டு சென்டி. "கெட்டித் தரைக்கு மேல ரெண்டு விரல் மிஞ்சும் அக்கா."

"அதுக்கு மேல ஒரு மம்பட்டி விழுந்தாலும் உன்னையே நட்டுடுவேன்."

கயிறு கட்டி, அளந்து அளந்து எடுத்தோம். இரண்டு விரல் மிஞ்சியது.

சாருடைய முற்றத்தில் மண்ணைப் பரப்பினோம். புல் பதிப்பதற்குள் நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் சார் பள்ளிக்கூடத்து அளவுகோலை மண்ணில் செருகிக்கொண்டு குனிந்திருந்தார்.

"பதினொண்ணு! நான் வாங்கினது பதினஞ்சு. நாலு சென்டி எங்கே?"

"அமுங்கிடுச்சு சார். ஆத்தோரத்து மண்ணு கொண்டாந்து நிரப்பிடலாம்."

"வேற கலர் மண்ணா? என் முற்றத்துல ஒட்டுப் போடுறியா? அந்த நாலு சென்டி அவ வயல்லயே இருக்கு. எனக்கு வித்துட்டு அமுக்கி வெச்சிருக்கா. காலையில நானே மெஷின் கூட்டிட்டுப் போறேன். நீயும் வந்து நில்லு."

சிரிப்புக்கூட வரவில்லை எனக்கு. காலடியில் கிடக்கும் மண் தணிந்ததை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயலில் தேடுகிற மூளை! இதற்குத்தான் முப்பது வருடம் ஒரு அலுவலகமே எழுந்து நின்றிருக்கிறது.

வாசலைத் தாண்டியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரட்டும்" என்றாள்.

காலையில் வெள்ளை ஷூ போட்ட சார், அவருக்குப் பின்னால் மண் வெட்டும் இயந்திரம், அதற்குப் பின்னால் லாரி. வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். முந்தின சாயங்காலமே அக்கா மடையைத் திறந்து, நிரம்பியதும் அடைத்திருக்கிறாள். யாரும் இறைக்காமல், தள்ளாமல், தண்ணீர் தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது? என் மண்ணு உள்ள இருக்கு!"

தூமினி அக்கா நாற்றுக்கட்டை இடுப்பில் இடுக்கியபடி நிமிர்ந்தாள். "இருக்குங்களா? எறங்கிப் பாருங்க. அட்டை இருக்கும், ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

இயந்திரக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சேற்றில் வண்டியை இறக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான்.

"எப்ப வடிப்பே?"

"அறுப்புக்கு முன்னாடி. நாலு மாசம் ஆவும். அதுவரைக்கும் உங்க போனைத் தட்டிப் பாருங்க, கணக்கு தப்பாம இருக்கான்னு."

சார் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்றும் வரப்பில் ஏறிய ஈரக்கோட்டிலிருந்து அது இறங்கவேயில்லை. கெட்டித் தரை முழுசாக இருக்கிறது.

அக்கா குனிந்து முதல் நாற்றை ஊன்றினாள்.