சம்பந்தியை வெளியேற்றும் பொத்தான்

மேய்ச்சல் குழுவுக்காக இணையதளம் செய்தபோது செசிம் அதில் உள்ளே வர வழி வைத்தாள். வெளியே போக வழி வைக்கவில்லை. மறதியால் அல்ல. ஆடு மாடு வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கடவுச்சொல் நினைவில் தங்குவதில்லை. ஒருமுறை உள்ளே வந்தவர் உள்ளேயே இருக்கட்டும், தன்னைத் தினமும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். அவரவர் கைபேசியில் பார்க்கும்வரை அது சரிதான். ஆனால் நாரின் நகருக்கு மேலே எங்கள் மலைக் கிராமங்களில் கோடை மேய்ச்சல் இடத்தை யாரும் கைபேசியில் தேர்ந்தெடுப்பதில்லை. குதிரையில் குழு அலுவலகத்துக்கு வந்து, தேநீர் குடித்து, நாலு பேர் பார்க்க, அங்கிருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

உள்ளே இருப்பது யார் என்பதையும் திரை சொல்லாது. “வாருங்கள், பெரியவரே” என்று மட்டும் வரும். செசிம் பக்கத்து ஊரிலிருந்து வந்த மருமகள். மாமனார் பெயரை மருமகள் வாயில் எடுக்கக்கூடாது. அந்தப் பெயரைத் திரையில் கொட்டை எழுத்தில் போட அவளுக்குக் கை வரவில்லை. ஆகவே யார் பெயரையும் போடவில்லை.

இடத் தேர்வு அன்று முதலில் உட்கார்ந்தவர் அவளுடைய அப்பா மொல்தொகுல். தன் வழக்கமான மேய்ச்சல் இடமான எகி-புலாக்கைத் தொட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்து உட்கார்ந்தவர் மாமனார் ஷார்ஷென். கடவுச்சொல் கேட்காமலே திரை திறந்தது.

“இன்னைக்கு இது என்னைப் படுத்தல,” என்று சந்தோஷமாகக் கயிந்தியைத் தொட்டார். கயிந்தி ஓடைக்கரையில்தான் அவர் குடும்பம் கோடைதோறும் கூடாரம் போடும்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாற்காலியில் இருந்தவர் இன்னும் மொல்தொகுல்தான். அவர் எகி-புலாக்கை விட்டுக் கயிந்திக்கு மாறிவிட்டார். ஷார்ஷென் வரவே இல்லை. “உங்கள் கோடை இடம்: கயிந்தி” என்ற குறுஞ்செய்தியும் பாதி வழியில் இருந்த மொல்தொகுலுக்கே போனது.

மொல்தொகுலுக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. போன விருந்தில், கயிந்திப் புல் மாதிரி புல் எங்கே இருக்கிறது என்று அவர் வாய் தவறிப் புகழ்ந்திருந்தார். சம்பந்தி புகழ்ந்ததைச் சம்பந்திக்கே கொடுத்துவிடுவது முறை. ஷார்ஷென் கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். மறுநாளே ஒரு புது சபான் அங்கியோடும் ஒரு கிடாயோடும் வந்து, அங்கியை ஷார்ஷெனின் தோளில் போர்த்தினார். எதற்கென்று அவர் சொல்லவில்லை. சொல்லிக்காட்டினால் கொடுத்தவருக்கு மரியாதை இல்லை. ஷார்ஷெனும் கேட்கவில்லை. போர்த்தும்போது கேட்பது அதைவிட மரியாதைக் குறைவு.

குழுத் தலைவர் ஜுமாலி சொல்லித்தான் ஷார்ஷெனுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். செசிம் அந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“கயிந்தி சம்பந்திக்குப் போயிருக்கு.”

“போச்சா? அதுக்கு என்ன கால் இருக்கா?”

“ஆசைப்பட்டார், எடுத்துக்கிட்டார். அதுக்குத்தான் அங்கி போல.”

“அப்ப நம்ம ஆடு எங்க மேயும்? உங்க அங்கியிலயா?”

“துயுக் பள்ளம் காலியா இருக்காம்.”

“வெயில் எட்டிப் பாத்துட்டு ஓடிப்போற பள்ளம் அது. குட்டிங்க இருமியே செத்துடும். போய் அவரைக் கேளுங்க.”

“சம்பந்தி வீட்டு வாசல்ல நின்னு புல்லுக்குச் சண்டை போடச் சொல்றியா? அங்கியைப் போட்டுக்கிட்டாச்சு. விடு.”

மந்தை மேலே கிளம்ப அதிக நாள் இல்லை. செசிமுக்கு நடந்தது விளங்கிவிட்டது. கையில் மாவோடு வெளியே போய் கைபேசியில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அத்தா, கயிந்தி உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“உன் மாமனார் தங்கமான மனுஷன்மா. ஒரு வார்த்தை சொன்னேன், தூக்கிக் கொடுத்துட்டார். எனக்கு நிஜமா வேணாம், ரொம்பத் தூரம். ஆனா கொடுத்ததை வேணாம்னு சொல்ல முடியுமா?”

“அவர் கொடுக்கல அத்தா. அவர் வந்து உக்காந்தப்ப உள்ள நீங்கதான் இருந்தீங்க.”

“நான் குதிரை மேலதானே இருந்தேன்?”

“கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நீங்க வெளியே போக நான் வழி வைக்கல.”



“அப்ப ஒருத்தர் இடத்தைப் பிடுங்கிட்டு அவருக்கே அங்கி போர்த்தியிருக்கேன்.”

“என் தப்பு. நானே உள்ள போய் மாத்திடறேன்.”

“மாத்தாதே. கயிந்தி அவருக்குத் திரும்பிப் போனா, அவர் முகம் சுளிச்சு நான் பயந்து திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும். அப்புறம் அங்கியும் திரும்பி வரும், கிடா எலும்பும் திரும்பி வரும். யாரும் வாயைத் திறக்காம முடிக்கப் பாரு.”

மறுநாள் அவள் ஜுமாலியிடம் போனாள்.

“அண்ணே, தளத்துல வெளியேறும் பொத்தான் வைக்கணும். வச்சா எல்லாரும் ஒருதடவை வெளிய போய் உள்ள வரணும். இடமும் திரும்பத் தேர்ந்தெடுக்கணும்.”

“பொத்தான் வச்சா நிஜமாவே அப்படி ஆகுமா?”

“ஆகும்னு நீங்க சொன்னா ஆகும்.”

ஜுமாலி அவளை ஒரு கணம் பார்த்தார். ஷார்ஷெனின் புது அங்கியை ஊரே பார்த்திருந்தது. “ஆகும்னே சொல்லிடறேன். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

பொத்தான் வைப்பது ஒரு மத்தியான வேலைதான். ஆனால் யார் உள்ளே இருக்கிறார் என்று தெரியாமல் யார் வெளியேறுவார்? மறுபடி மாமனார் பெயரில் வந்து நின்றாள். கடைசியில் ஜுமாலியையே கேட்டாள்.

“மலையில ஆடுங்க கலந்துட்டா எது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“காதைப் பாத்துத்தான். இடது காதுல ரெண்டு வெட்டுன்னா உங்கப்பன் ஆடு. வலது காது நுனி பிளந்திருந்தா உன் மாமனாரோடது.”

ஒவ்வொரு வீட்டின் காது வெட்டையும் அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்துகொண்டாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆட்டுக் காது வந்தது. அதன் கீழே சிவப்பில் “வெளியேறு.”

மறுதேர்வு நாளில் மொல்தொகுல் முதலில் உட்கார்ந்து எகி-புலாக்கைத் தொட்டார். பழக்க தோஷம், பொத்தானை அமுக்காமல் எழுந்து போனார். ஷார்ஷென் வந்து உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தார்.

“இது என் ஆடு இல்ல.”

“சம்பந்தி உள்ளயே இருக்கார். சிவப்பு பொத்தானை அமுக்குங்க, போயிடுவார்,” என்றார் ஜுமாலி.

ஷார்ஷென் கையை மடியில் வைத்துக்கொண்டார். “யாரை வெளியேத்தச் சொல்ற? பொண்ணு கொடுத்த மனுஷனையா?”

“வெறும் பொத்தான்தான், அண்ணே.”

“வெறும் பொத்தான்னா நீ அமுக்கு.”

“எனக்கு அவர் தாய்மாமன் முறை. நான் எப்படி?”

எல்லோரும் செசிமைப் பார்த்தார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “அப்பனை மகளே விரட்டணுமா? நல்லாயிருக்கு,” என்றார். இன்னொருவர், “கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அவர் வாசல்ல வைங்க, அவரே இறங்கிப் போகட்டும்,” என்றார்.

ஜுமாலி தெருவுக்கு ஓடி, சேணத்தில் ஏறிவிட்ட மொல்தொகுலைத் திரும்ப அழைத்து வந்தார். மொல்தொகுல் விஷயத்தைக் கேட்டு, “மன்னிச்சுக்குங்க சம்பந்தி, உங்க மடியில உக்காந்திருந்திருக்கேன்,” என்று பொத்தானை அமுக்கினார். இரண்டு வெட்டுக் காது மறைந்தது. அவர் போகவில்லை, பக்கத்திலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஷார்ஷென் கடவுச்சொல்லை மூன்றாவது முயற்சியில் சரியாக அடித்தார். பிளந்த நுனிக் காது வந்தது. கயிந்தி காலியாக இருந்தது. சம்பந்தி கூச்சப்பட்டு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். விரல் கயிந்தியைத் தாண்டித் துயுக்கை நோக்கிப் போனது.

“அங்க என்ன சம்பந்தி பாக்கறீங்க?” என்றார் மொல்தொகுல். “கயிந்தி மேலதானே இருக்கு?”

“அது உங்களுக்குப் பிடிச்ச இடமாச்சே.”

“எனக்குப் பிடிச்சு என்ன? என் ஆடுங்க சோம்பேறி. அவ்வளவு தூரம் வராதாம்.”

“ஆடு சொல்லுச்சா?”

“வீட்டுல யார்தான் என்னைக் கேட்டு முடிவு பண்றாங்க? ஆடு சொன்னா ஆடு, அவ சொன்னா அவ.”

வரிசை சிரித்தது. ஷார்ஷெனும் மீசைக்குள் சிரித்தார். “அப்ப எப்பவாவது கயிந்திக்கு விருந்துக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டுக் கயிந்தியைத் தொட்டார். அவருடைய சட்டைப்பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

பிறகு சிவப்பு பொத்தானுக்கு மேல் விரலை நிறுத்தினார்.

“இதை அமுக்கினா இடமும் என்னோட வெளிய வந்துடுமா?”

“வராது மாமா.”

அமுக்கினார். காது போய்விட்டது.

“நான் வெளிய வந்துட்டேனா?”

“வந்துட்டீங்க மாமா.”

“கயிந்தி?”

“உள்ள, உங்க பேர்லதான் இருக்கு.”

“அப்ப சரி,” என்று எழுந்து, அடுத்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.