மந்திரியின் வாத்து

நாலு பேருக்குச் சேர்த்து ஒரு வீடியோ கேம் தேர்ந்தெடுப்பது, நாலு பேருக்குப் பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம் என்பது மைதமின் கட்சி. பெண்ணை மாப்பிள்ளைக்குப் பிடித்தால் போதும்; மற்ற மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போய்விடலாம். விளையாட்டு நாலு பேருக்கும் பிடித்தாக வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில், அதுவும் சனிக்கிழமை ஆறு மணிக்குள்.

ஆறு மணி என்றால் ஈராக்கில், மைதம் இருக்கும் பஸ்ராவின் ஆறு மணி. அப்போது சுவீடனில் சர்மதுக்கு மணி ஐந்து, கனடாவில் கராருக்குக் காலை பதினொன்று, துருக்கியில் அனீஸுக்கும் ஆறுதான். நாலு பேரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக ஊரைவிட்டுப் போனார்கள். மைதம் போகவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மற்றவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததிலேயே அவனுடைய முறை கழிந்துவிட்டது போல. இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் நண்பர்கள். வாரத்தின் மிச்ச நேரமெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்கான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உத்தியோகத்தை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். லேசுப்பட்ட உத்தியோகமும் இல்லை. அனீஸின் கணினி கிழடு, கொஞ்சம் கனமான ஆட்டம் என்றால் படுத்துவிடும். அவனுக்கு ஆங்கிலம் வேகமாக வராது, ஆகவே வாசித்துப் பதில் சொல்லும் ஆட்டங்களில் பாதி போயிற்று. சர்மதின் மடியில் இரண்டு வயது மகள் உட்கார்ந்திருப்பாள், ஆகவே ரத்தம், துப்பாக்கி கிடையாது. கரார் தோற்றால் சும்மா இருக்க மாட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கன்ட்ரோலர் சரியில்லை, கனடா இணையம் சரியில்லை, நாற்காலி சரியில்லை என்பான். ஆகவே அவன் அடிக்கடி ஜெயிக்கும்படியான ஆட்டமாகவும் இருக்க வேண்டும், ஆனால் எப்போதும் ஜெயித்தால் மற்றவர்களுக்குச் சலித்துவிடும்.

இத்தனையும் தாண்டி ஓர் ஆட்டம் தேறினால் கடைசித் தேர்வு மைதமின் வீட்டுக் கரண்ட்.

ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு தடவையாவது அரசாங்கக் கரண்ட் போகும். தெருவுக்கே பொதுவான ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். யாராவது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெரிய சுவிட்சைத் திருப்ப வேண்டும். அப்புறம் ரவுட்டர் கண்விழிக்க வேண்டும். இணையம் கொடுக்கிற தெருமுனைக் கம்பமும் அதே கரண்டைக் குடித்துத்தான் பிழைக்கிறது, அதுவும் எழுந்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம். ஆகவே மைதம் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் எல்லாம் பொறுமைசாலி ஆட்டங்கள். ஒருவர் படம் வரைய மற்றவர் கண்டுபிடிப்பது, முறை வைத்துச் சீட்டு இறக்குவது, யார் பொய் சொன்னார் என்று யோசிப்பது. ஒருவன் காணாமல் போனால் ஆட்டம் அப்படியே நின்று காத்திருக்கும்.

அவன் காணாமல் போகும் நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்பதை அனீஸ் ஒருமுறை சொல்லியிருந்தான். கரார்தான் முதலில் கத்துவானாம்: "மின்சார மந்திரி ராஜினாமா பண்ணிட்டார்டா!" எல்லாரும் கன்ட்ரோலரைக் கீழே வைப்பார்களாம். சர்மத் மகளுக்குப் பால் எடுத்துவரப் போவானாம். மைதம் திரும்பி வந்ததும் மூன்று பேரும் ஒரே குரலில் "வாழ்க மந்திரி!" என்பார்கள். "அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்பான் இவன். ஆறு வருடமாக இதே வசனம். அவனுக்கு ஆட்டத்தைவிட இதுதான் பிடிக்கும். தனக்காக மூன்று நாட்டில் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமா?

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, மைதம் பெட்டிக்கடையில் நின்றபோது அனீஸ் போன் செய்தான். அவன் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது மைதம்தான். நன்றி சொல்லக் கூப்பிட்டவன் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா சொன்னாங்கடா, நீ வந்துட்டுப் போனேன்னு. உன்னைப் பெத்த வயிறு வாழட்டும். அப்புறம், நேத்து கரார் அந்தக் கார்ப் பந்தயத்துல பாலத்துலேருந்து விழுந்தான் பாரு, சர்மத் சிரிச்ச சிரிப்புல பொண்ணு எழுந்துட்டா! நீகூட..." என்று நிறுத்தினான். "இல்ல, நீ இல்ல."

"நேத்து புதன்கிழமையாச்சே" என்றான் மைதம்.

"சும்மாதான்டா. ரெண்டு மாசமா புதன்ல கொஞ்ச நேரம். அது வேகமான ஆட்டம், மச்சான். கரண்ட் போனா தூக்கி வெளிய போட்டுடும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உனக்குத்தான் கஷ்டம்னு... தப்பா எடுத்துக்காதே."

"இதுல என்னடா தப்பு? நல்லா ஆடுங்க" என்று மைதம் சிரித்தான். போனை வைத்த பிறகு, பெட்டிக்கடைக்காரன் மீதிச் சில்லறைக்காகக் கூப்பிட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

அவன் வருத்தப்பட்டான். சுற்றி வளைப்பானேன், நெஞ்சு எரியும் அளவுக்கு வருத்தப்பட்டான். ரகசியமாக ஆடினார்களே என்பதற்கு இல்லை. அவர்கள் சனிக்கிழமைகளில் காத்திருந்தது பிரியத்தினாலா, பாவம் பார்த்தா என்று இப்போது தெரியாமல் போய்விட்டது. ஆறு வருடமாக அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆட்டங்கள் எல்லாம் நோயாளிக்குக் கஞ்சி மாதிரி, உடம்பு சரியாக இருப்பவர்கள் கூடவே உட்கார்ந்து குடித்த கஞ்சி.

அன்று கடை மூடி வந்தவன் சனிக்கிழமைக்கு வேகமான ஆட்டமாகத் தேடினான். ஆள் போனால் வெளியே தள்ளாத ஆட்டம் வேண்டும். எட்டு ஆட்டங்களைப் பார்த்துத் தள்ளிய பிறகு ஒன்று கிடைத்தது. ஆற்றில் ஒரு கட்டுமரம்; அதன்மேல் நாலு வாத்துகள்; ஒன்றையொன்று முட்டித் தண்ணீரில் தள்ள வேண்டும், கடைசியில் நிற்பது வென்றது. அனீஸின் கணினி தாங்கும். ஒரு சொல் வாசிக்க வேண்டாம். ரத்தம் இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ஆடுபவர் இணைப்பு அறுந்தால், அவர் திரும்பும்வரை அவருடைய வாத்தைக் கணினியே ஆடும், பெயரும் தொப்பியும் மாறாது.

இனி யாரும் தனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தான். அது பாதி உண்மை. அந்தக் குறிப்பை மற்றவர்களிடம் அவன் சொல்லவில்லை என்பது மீதிப் பாதி. காத்திருக்க வேண்டாத ஆட்டத்திலும் அவர்கள் நிறுத்துகிறார்களா, "எங்கடா மந்திரி?" என்று யாராவது ஒருவன் கேட்கிறானா என்று பார்க்க ஆசை. ஒருவன் கேட்டால் போதும். புதன்கிழமைகளை மன்னித்துவிடலாம்.

சனிக்கிழமை நசநசவென்று கடற்காற்று, சுவரெல்லாம் வியர்த்தது. ஆறு மணிக்கு நாலு வாத்துகளும் கட்டுமரத்தில் ஏறின. மைதமின் வாத்துக்கு மஞ்சள் தொப்பி. முதல் ஆட்டத்திலேயே கரார் அதைத் தண்ணீரில் தள்ளினான்.

"மந்திரி குளிச்சுட்டு வாங்க!" என்று கத்தினான். "டேய் மைதம், இத்தனை நாளா எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே இதை? படம் வரை, படம் வரைன்னு கொன்னியே!"

"நீ ஒட்டகம் வரைஞ்சா அது சோபா மாதிரி இருந்துச்சே, அதுவா என் தப்பு?" என்றான் மைதம்.

"அனீஸ், பின்னாடி பாரு, பின்னாடி!" என்றான் சர்மத். அவன் மகள் "வாத்து, வாத்து" என்று கத்தினாள். அனீஸின் வாத்து நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தானாகவே விழுந்தது. அவ்வளவு சத்தமாக அவர்கள் சிரித்து மைதம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவன் ஐந்து தடவை ஆடி ஐந்து தடவையும் விழுந்தான். ஆடும்போது அவனுக்குப் பேச வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடுவான். ஆனால் சந்தோஷமாக இருந்தான்.

ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.

"மைதம்! மாத்து!" என்று கீழேயிருந்து அக்கா கத்தினாள். அவன் இறங்கி ஓடிச் சுவிட்சைத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.

"என்னடா ஆச்சு?"

"ஜெனரேட்டர் கிளம்பலை அக்கா."

"அந்த ஜெனரேட்டர்காரன் கையில விளக்கெண்ணெய்தான். பிள்ளைங்க வெந்து போகுதுங்க."

அவன் மேலே வந்து அரை இருட்டில் உட்கார்ந்தான். போன் கையில் இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம், அந்த அளவுக்குப் போனில் இணையம் இருந்தது. அனுப்பவில்லை. அவர்களே கேட்கட்டும். நாலு நிமிடம் ஆயிற்று. இப்போது கரார் கத்தியிருப்பான். ஆறு நிமிடம். சர்மத் பால் எடுக்கப் போயிருப்பான். பத்து நிமிடம் ஆகியும் போன் சும்மா கிடந்தது. கழுத்து வழியாக வேர்வை இறங்கியது. அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், பேச்சு சுவாரசியத்தில் செய்தி அனுப்பத் தோன்றியிருக்காது என்று அவனே அவர்களுக்காக வாதாடினான்.

பதினாறு நிமிடம் கழித்து அரசாங்கக் கரண்டே திரும்பி வந்தது. கம்பம் எழுந்தது. ரவுட்டரில் பச்சை விளக்கு வந்தது. வழக்கமான மன்னிப்பு வசனத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு மைதம் உள்ளே நுழைந்தான்.

"...கள்ளா! பரம கள்ளா!" என்று கரார் அலறிக்கொண்டிருந்தான். "நாலாவது தடவைடா! வாயைத் திறக்காம நாலு தடவை தள்ளிட்டான் என்னை!"

திரையில் மஞ்சள் தொப்பி வாத்து தனியாகக் கட்டுமரத்தின்மேல் நின்று இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்குமேல் மைதம் என்ற பெயர்.

"பேச மாட்டான்டா அவன்" என்று அனீஸ் சிரித்தான். "ஜெயிக்கிறவன் எதுக்குப் பேசணும்? மந்திரி, எங்கேர்ந்துடா வந்துச்சு இவ்வளவு திறமை?"

மைதம் தொண்டையைச் செருமினான். "இங்கதான் இருந்துச்சு" என்றான்.

"பேசிட்டார்! மந்திரி பேசிட்டார்!"

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் சர்மத். குரலில் உண்மையான பிரியம் இருந்தது, அதுதான் கொடுமை. "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்டா நீ முழுசா எங்ககூட இருக்கே. கரண்ட்கூடப் போகலை பாரு."



"புதன்கிழமையும் வாடா" என்றான் கரார். "அனீஸ் உளறிட்டானாமே, தெரியும். வா. இப்படி ஆடுறவனை விட்டுட்டு ஆடினா எங்களுக்குத்தான் பாவம். ஏழு மணி. சரியா?"

"சரி" என்றான் மைதம்.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. இப்போது மஞ்சள் தொப்பி அவன் கையில் இருந்தது. பத்து விநாடியில் விழுந்தது. அதற்கடுத்ததில் சர்மதின் மகள்கூடத் தள்ளிவிட்டிருக்கலாம், அப்படி விழுந்தது.

"என்னடா, கண்ணு பட்டுடுச்சா?" என்றான் கரார்.

"தூங்கிட்டியா மந்திரி? இப்ப ஆடினியே, அந்த மாதிரி ஆடுடா!" என்றான் அனீஸ்.

உண்மையைச் சொல்ல மைதம் வாயெடுத்தான். சொன்னால் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நின்று, "அடடா, நாங்க கவனிக்கவே இல்லையேடா" என்பார்கள், பிறகு மறுபடியும் காத்திருக்கத் தொடங்குவார்கள், சனிக்கிழமை சனிக்கிழமை, பாவம் பார்த்து. அந்தக் காத்திருப்பு இனி அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவன் எழுந்துபோய் ரவுட்டரின் சுவிட்சை அணைத்தான்.

விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. அவர்கள் கூப்பிட்டது அந்த வாத்தைத்தான், அதுவே ஆடட்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். வெட்கமில்லாமல் இன்னும் எதிர்பார்த்தான். அக்கா ஒரு முறை கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றான்.

எட்டு மணிக்குப் போன் ஒலித்தது. நால்வரின் குழுவில் கரார் எழுதியிருந்தான்: "மந்திரி பதினோரு வெற்றி! போறப்போ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டியா, திமிர் பிடிச்சவனே. புதன் ஏழு மணி, மறந்துடாதே."

மைதம் அதை இரண்டு முறை படித்தான். பிறகு "வர்றேன்" என்று எழுதி அனுப்பினான்.