பலவேசத்துக்காகப் பேச வந்தவர்கள்

1

இந்தக் கதை தேனியில் ஒரு டீக்கடை வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கியது. 2006. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். உள்ளே கொள்ளாமல் பின்னாலும் தொங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கல்யாணமா, துஷ்டியா என்று கேட்டேன்.

"மச்சானுக்கு மனசு சரியில்ல. கவுன்சிலிங்குக்குக் கூட்டியாந்திருக்கோம்" என்றார் ஒருவர்.

அவ்வளவுதான் நான் கண்டது. மீதி முழுக்க என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திராட்சைக் கொடிகளில் பனி இறங்கிய அதிகாலையில் பலவேசம்..."

(அடித்துவிட்டேன். தோட்டத்துக்கே போகாத மனுசருக்குப் பனி எதற்கு?)

அதுதான் சங்கதி. சுருளிப்பட்டி பலவேசம் சில மாதமாகத் தன் திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. வேலிப் படல் வரை போவார், திரும்பிவிடுவார். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார். கொடியை வெட்டிக் கவாத்து செய்யும் நாள் நெருங்கிவிட்டது. விட்டால் இந்த வெள்ளாமை போச்சு. பெண்டாட்டி சுப்புத்தாய் அழுது தீர்த்துவிட்டு, தன் தம்பி சுருளியாண்டிக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் ஜீப்பைப் பிடித்தார்.

[ஜீப் நிறைய ஆள் எதற்கு என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறவன் நாதியற்றவன். நோவு நோயாளிக்கு, அதை டாக்டரிடம் சொல்வது கூட வந்தவர் பொறுப்பு.]

3

கவுன்சிலர் ரஃபியா, உத்தமபாளையத்துப் பெண். (முதல் பிரதியில் தத்துவமாகப் பொழிந்தார். எனக்கே கொட்டாவி வந்தது. வாயைக் குறைத்துவிட்டேன்.)

"சொல்லுங்கண்ணே, என்ன செய்யுது?"

"ரா முழுக்கத் தூக்கமில்லம்மா" என்றார் சுருளியாண்டி.

"காலைல சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு இட்லி சாப்பிட்டாக. அதுலயும் ஒண்ணப் பிச்சுப் போட்டுட்டாக" என்றாள் சுப்புத்தாய்.

"உங்க பேரு?"

"பலவேசம்!" என்றது மொத்த ஜீப்பும்.

பலவேசம் மட்டும் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஊசி எந்தக் கையில் என்பதுதான் அவர் கவலை.

"இங்கன ஊசி, மாத்திரை கிடையாதுண்ணே" என்றார் ரஃபியா. "பேசணும்னா பேசலாம். சும்மாவும் இருக்கலாம். பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. அதனால மத்தவுக எல்லாம் வெளிய இருங்க."

"நாங்க இல்லாட்டி மச்சானுக்குப் பேச வராதும்மா!"

"வராட்டி என்ன, சேர்ந்து சும்மா இருப்போம்."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சுப்புத்தாய் வாசல் வரை போய்த் திரும்பினாள். "தோட்டத்துப் பேச்ச மட்டும் எடுத்துறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

4

பலவேசம் பயந்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்ற பயம். ஃபேனைப் பார்த்தார். அந்தக் கஷ்டத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. காரணத்தை நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

முடிவு அ: மழையில் அழுகிய திராட்சைதான் காரணம் என்று அவர் சொல்லிவிடுகிறார். (இவ்வளவு லேசா?)

முடிவு ஆ: செத்துப்போன அண்ணன்...

"படலத் திறந்தா..." என்றார் பலவேசம், அவராகவே. சொல்லிவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தார்.

ரஃபியாவும் பார்த்தார். "எல்லாரையும்தான் வெளிய போகச் சொன்னேன்" என்றார்.

5

இப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் சுருளியாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "என்ன சொன்னாரு?" என்கிறார். தெரியாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். எழுதுகிற ஆளுக்கே தெரியாதா?

கதவுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. வார்த்தை பிடிபடவில்லை, ஒரே குரல், விட்டு விட்டு, ஆனாலும் ஓயாமல். நடுவில் அது உடைந்து அழுகிறது. சுருளியாண்டி எழுந்து கதவுப் பக்கம் போகிறார். சுப்புத்தாய் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கிறாள்.

"இருடா" என்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவுகதான் பேசுறாக."

என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததில், வாசிக்கிற உங்களை ரஃபியா கவனித்திருக்க மாட்டார். நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்றால், கேட்டதை என்னிடம் வந்து சொல்லிவிடாதீர்கள்.