மூன்றாவது குகையின் பாறை

மூன்று அடி எடுத்து வைத்தால் ஒரு கூழ்ப்பூதம். அதை அடித்துப் போட்டுவிட்டு இன்னும் மூன்று அடி வைத்தால் அதன் தம்பி. இப்படியே பத்தொன்பது மணி நேரம். நான் என்ன பாவம் செய்தேன் என்று கணினித் திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

பாவம் ஒன்றும் இல்லை, நானாகப் போய் ஒப்புக்கொண்ட வேலைதான். வீட்டில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல், தனி ஆளாக ஆர்.பி.ஜி. செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒரு போட்டி நடத்துகிறோம். வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, பூதங்களை அடித்து, கடைசியில் ராஜாவையோ உலகத்தையோ காப்பாற்றுவோமே, அந்த வகை வீடியோ கேம். நடுவர்களுக்கு ஒரே விதி: கடைசிக் காட்சி வரை ஆடிவிட்டுத்தான் கருத்து எழுத வேண்டும். பகலில் நான் தகமட்சு நகரில் ஒரு சலவைக் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். கறையைக் கறை என்று சீட்டில் எழுதித் துணியில் குத்துவது என் பிழைப்பு. ஆட்டங்களையும் அப்படித்தான் பார்ப்பேன். அதனால் எங்கள் வட்டாரத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

இந்த ஆட்டத்தைச் செய்தவர் மினோவா. பக்கத்து ஊரான மருகமேயில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். ஆட்டத்தோடு எனக்குத் தனியாக ஒரு மெயிலும் அனுப்பியிருந்தார்.

"கியோமி சான், மத்தத எப்படி வேணாலும் திட்டுங்க. கடைசிக் காட்சிய பத்தி மட்டும் உண்மையச் சொல்லுங்க. இதுல இருக்கிற படம் அத்தனையும் தமாகி வரைஞ்சது. ஏழு வருஷம் ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம். ஒரு சண்டையில கோவப்பட்டு, முகப்புல இருந்த அவங்க பேர எடுத்துட்டேன். அவங்க போயிட்டாங்க. எனக்கு நேர்ல பேச வராது. அதனால கடைசிக் காட்சியில மன்னிப்பு கேட்டு, ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆட்டம் இறக்குற தளத்துல போட்டு, ஆடிப் பாருங்கன்னு அவங்களுக்குச் சொன்னேன். 'நல்லா உழைச்சிருக்கீங்க'ன்னு ஒரு வரி வந்துச்சு. அவ்வளவுதான். அந்தக் காட்சி அவ்வளவு மோசமா? நீங்களும் ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு விட்டுடப் போறேன்."

'நல்லா உழைச்சிருக்கீங்க' என்பது எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வது. வேலை முடிந்து கிளம்புகிறவனுக்கும் சொல்வோம், குப்பை வண்டிக்காரருக்கும் சொல்வோம். அதில் மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. ஆறு வருஷமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மனிதர் தவித்திருக்கிறார் என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

இரக்கம் முதல் ஊரிலேயே போய்விட்டது. அந்த ஊரில் அறுபது வீடு. வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு பிரசங்கம். கடையில் நாற்பது வகைப் பச்சிலை விற்றார்கள். முப்பத்தொன்பது எதற்கும் உதவவில்லை. நாயகன் செத்தால் ஊருக்குத் திரும்பி, திரையில் பெட்டி பெட்டியாக வரும் அவனுடைய அம்மாவின் அறிவுரையை, பத்துப் பெட்டியும் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நான் இருபத்தேழு தடவை செத்தேன். தமாகியின் படங்கள் மட்டும் அத்தனை அழகு. அவற்றைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

அப்படியும் மூன்றாவது குகைக்கு வந்து சேர்ந்தேன். ஒரு ஆள் நுழையும் அகலத்தில் பாதை, நட்டநடுவில் ஒரு பாறை. தள்ளினேன், வாளால் வெட்டினேன், நாற்பது பச்சிலையையும் காட்டினேன். இரண்டு மணி நேரம் சுவரை ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மினோவாவுக்கு எழுதினேன்.

"பாறையா? அது சும்மா அழகுக்கு வெச்சதுங்க. வழி நேரா இருக்கு. நான் தினமும் போறேனே" என்று பதில் வந்தது.

"நேரா போனா முட்டுது."

"முட்டாதுங்க. நிதானமா போய்ப் பாருங்க."

நிதானமா! பத்தொன்பது மணி நேரம் ஆடியவளைப் பார்த்து!

போட்டியை நடத்தும் தொகுமாருவைக் கூப்பிட்டேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். மதிய இடைவேளையில் எடுத்தார்.

"யம்மா, முடிக்க முடியாத ஆட்டம்னு எழுதித் தள்ளிட்டு அடுத்ததப் பாரு. உனக்கு வேற வேலை இல்லையா?"

"தள்ளிட்டா அந்த ஆளு எல்லாத்தையும் அழிச்சிடுவாரு."

"பூதத்த விட உன் பிடிவாதந்தான்ம்மா பயமா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மினோவாவை ரயில் ஏறி வரச் சொன்னேன். ஒரே கட்டணத்தில் வேண்டிய மட்டும் பானத்தை நாமே பிடித்துக் குடிக்கும் ஸ்டேஷன் பக்கத்து உணவகத்தில் உட்கார்ந்தோம். ஒல்லியான மனிதர். நான்கு தடவை குனிந்து வணங்கி, கூரை ஓடு வடிவத்தில் பல்லை உடைக்கும் எங்கள் ஊர் பிஸ்கட் ஒரு பெட்டி நீட்டினார். கணினியையும் கொண்டு வந்திருந்தார்.

"எங்க, அந்தக் குகைக்குள்ள போய்க் காட்டுங்க."

ஆட்டம் செய்கிற மென்பொருளைத் திறந்து, அதிலிருந்தே ஆட்டத்தை ஓட்டினார். அவருடைய நாயகன் ஓடினான். மூன்று அடி, முப்பது அடி, ஒரு பூதம் கூட வரவில்லை. பாறைக்கு நேரே போய், பாறைக்குள்ளேயே புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தான்.

"பாத்தீங்களா? வழி இருக்கு."

நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய இடது சுண்டுவிரல் கணினியின் மூலையில், கன்ட்ரோல் பொத்தானின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்த விரல எடுங்க."

"எந்த விரல?"

"சுண்டுவிரல!"

ஆட்டம் செய்கிறவர்கள் வேகமாகச் சோதித்துப் பார்ப்பதற்காக அந்த மென்பொருளில் ஒரு சலுகை உண்டு. அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே நடந்தால் சுவரும் தடுக்காது, பூதமும் வராது. இறக்கி ஆடுகிறவர்களுக்கு அது கிடையாது.

"எத்தன வருஷமா இப்படி?"

"ஆரம்பத்துல இருந்தேங்க. நேரம் மிச்சமாகுமேன்னு..."

"அப்போ உங்க ஆட்டத்த நீங்க ஒரு தடவ கூட ஆடினதில்ல."

விரலை எடுத்துவிட்டு நடந்தார். மூன்றாவது அடியில் கூழ்ப்பூதம் குதித்தது. மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது இவ்ளோ அடிக்கடியா வரும்?"

"வாங்க, வாங்க. நாங்க பத்தொன்பது மணி நேரமா இங்கதான் இருக்கோம்."

இரண்டாவது பூதத்திடம் செத்துப்போனார். அம்மாவின் அறிவுரை தொடங்கியது. பத்துப் பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தள்ளினார்.

"முன்னூத்திப் பன்னெண்டு பேரு இறக்கியிருக்காங்க. யாருமே சொல்லலையே" என்று தளத்தைத் திறந்து காட்டினார். ஒன்பது கருத்துகள். 'படங்கள் அழகு.' 'நேரம் கிடைக்கும்போது முடிக்கிறேன்.' அடுத்ததில் விரலை வைத்தார். 'இசை அருமை. மெதுவாக முடித்துவிடுவேன். நல்லா உழைச்சிருக்கீங்க. கியோமி.'

நான்கு வருஷத்துக்கு முந்தையது. நான் ஆடியதே நினைவில்லை. நான்கு பூதத்தோடு மூடி வைத்திருப்பேன். நடுவர் ஆவதற்கு முன்னால், எல்லாரும் என்னை நல்லவள் என்று சொல்ல வேண்டும் என்று ஊருக்கெல்லாம் இதையே எழுதிக்கொண்டிருந்த காலம். கறையைக் கறை என்று எழுதுகிறவளாம்! வெட்கமாக இருந்தது. எழுந்து போய் ஒரு கோப்பை மெலன் சோடா பிடித்துக்கொண்டு வந்தேன்.

"அப்போ... தமாகியும் அந்தப் பாறையத் தாண்டியிருக்க மாட்டாங்களா?" என்றார் மினோவா.

"அவங்களுக்கு மட்டும் தனி வழியா வெச்சீங்க?"

அவர் பாறையைச் சுட்டி அழித்தார். நான்கு விநாடி ஆகியிருக்கும். உடனே, "இப்பவே அவங்களுக்கு அனுப்பிடவா?" என்று கேட்டாரே பார்க்கலாம். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"முதல்ல நீங்க ஆடுங்க! விரல மடக்கி வெச்சுக்கிட்டு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஆடுங்க. அப்புறம் நான் ஆடுறேன். அப்புறம் அனுப்பலாம்."

போட்டிக்குக் கொடுத்த ஆட்டத்தில் கைவைத்தால் நீக்கம். தொகுமாரு நீக்கிவிட்டார். மினோவா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து, "அந்த அம்மாவ என்னால தாங்க முடியல" என்று எழுதினார். அம்மாவை ஒரு பெட்டியாக்கி, பூதங்களை விரட்டி, முப்பத்தொன்பது பச்சிலையைப் பிடுங்கிப் போட்ட புதிய ஆட்டம் கூடவே வந்தது. முகப்பில் தமாகியின் பெயர் மேலே இருந்தது.

கடைசிக் காட்சியை ஒருவழியாகப் பார்த்தேன். ஒரு மணிக்கூண்டின் அடியில் நாயகன் நின்று பேசுகிறான். பதினாலு பெட்டி. காற்றைப் பற்றி, நட்சத்திரத்தைப் பற்றி, மணியின் உலோகத்தைப் பற்றி. 'உன் பெயரை எடுத்தது என் தப்பு, மன்னித்துவிடு' என்பது பன்னிரண்டாவது பெட்டியில் வருகிறது. அதை மூன்று தடவை படித்தேன். எரிச்சலும் போகவில்லை. உடனே எழுதினேன்: "காட்சி மோசமில்ல. பன்னெண்டாவது பெட்டிய முதல்ல போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

போட்டார். தமாகிக்கு அனுப்பினார். ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. நானும் கவுண்டரில் நின்றபடி தளத்தில் அந்த ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். பத்தாம் நாள், ஒரு மேல்கோட்டில் இருந்த சோயா சாஸ் கறைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, பத்தாவது கருத்து வந்திருந்தது.

'அந்தப் பாறைகிட்ட அப்போ மூணு நாள் நின்னேன். என்னை உள்ள விடக் கூடாதுன்னுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சு, ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டேன். இன்னைக்கு முடிச்சேன். முதல் பெட்டியிலயே அழுதுட்டேன். மீதி பதிமூணும் தேவையில்ல, எடுத்துடுங்க. தமாகி.'

வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கூடவே இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம். 'இங்கே ஒரு பாறை இருக்கிறது' என்று ஒருத்தர் எழுதியிருந்தால் ஆறு வருஷம் மிச்சம். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் யார் எழுதியிருந்தாலும் மிச்சம். அதில் நானும் ஒருத்தி.

அன்று கடை முடிந்ததும் 'மெதுவாக முடித்துவிடுவேன்' என்று நான் எழுதிப் போட்டவற்றைத் தேடினேன். முப்பத்தெட்டு ஆட்டம் இருந்தது. முதலாவதை இறக்கி, மூன்று அடி எடுத்து வைத்தேன். ஒரு வௌவால் வந்தது.