வெத்துத் தோட்டா

துப்பாக்கியில் துடைக்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் ஹ்லமலானியின் கை ஓயவில்லை. குழலுக்குள் மறுபடியும் துணி சுற்றிய கம்பியை விட்டாள். உள்ளே போன துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து அழுக்கைத் தேடினாள். பிறகு எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

"அக்கா, போதும்" என்றான் ரிசிமாதி. காட்டுச் சுற்றுலா முகாமின் துப்பாக்கி அறைக்கு அவன்தான் பொறுப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மொபானே மரத்துப் புழு வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தான். "அழுக்கே இல்லாத துப்பாக்கியத் துடைக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். குழல்ல எண்ணெய் நின்னா முதல் குண்டு எங்க போகும்னு சாமிக்கே தெரியாது. காஞ்ச துணிய விடு."

"நீ புழுவத் தின்னு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் போன தடவ மண்ணக் கும்பிட்டியாக்கும்."

அவள் எண்ணெய்ப் புட்டியை மூடினாள். காய்ந்த துணியை விட்டாள்.

யானையும் எருமையும் திரிகிற காட்டில் விருந்தாளிகளை நடத்திக் கூட்டிப்போக வேண்டுமானால், ரைபிளோடு முன்னால் நடப்பவர் சுடும் பயிற்சி வகுப்பில் தேறியிருக்க வேண்டும். வகுப்பு நடத்தும் திவுலாவி ஐயா பொல்லாதவர். நல்ல தோட்டாக்களோடு மருந்தில்லாத வெத்துத் தோட்டா ஒன்றைக் கலந்து, தன் கையாலேயே நிரப்பித் தருவார். அது எப்போது வரும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது. போன தடவை ஹ்லமலானி விசையை இழுத்தபோது 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. வெடிக்காத துப்பாக்கியின் குழலோ, கொத்த இறங்கும் மண்வெட்டி போலத் தரையைப் பார்த்துச் சரிந்தது. வெடித்ததும் துப்பாக்கி தோளில் உதைக்குமே, அந்த அடி விழுமுன்பே உடம்பு பயந்துபோனதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். திவுலாவி ஐயா சிரிக்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

நாளைக்கு இரண்டாவது வாய்ப்பு. இதிலும் தவறினால் பழையபடி வேலி வேலைதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வேலி என்றால் என்னவென்று அவள் முழங்காலைக் கேட்டால் சொல்லும். யானை சாய்த்த கம்பத்தை நிமிர்த்த வேண்டும், திருட்டு வேட்டைக்காரன் வைத்த கண்ணியை அறுக்க வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். நிமிர்த்திய கம்பத்தை யானை மறுபடி சாய்க்கும். அந்த வேலிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை.

"எந்திரி, ஒரு தடவ பாத்துரலாம்" என்றான் ரிசிமாதி. வெத்துத் தோட்டாக்களை மட்டும் அவளிடம் தந்தான். சுவரில் யாரோ கரியால் எருமை முகம் வரைந்திருந்தார்கள். அவள் ரைபிளைத் தோளுக்கு ஏற்றினாள்.

"அது என்ன அக்கா, தோள்ல திமில் மொளச்சிருக்கு?"

பழைய பஸ் சீட்டின் பஞ்சை வெட்டி, சட்டைக்கு உள்பக்கமாகத் தைத்திருந்தாள்.

"தலகாணி வெச்சு எருமயத் தூங்கவா வைக்கப் போற?"

"அடி உன் தோள்லயா விழுது? போன தடவ ஒரு வாரம் இந்தக் கையத் தூக்கித் தலை சீவ முடியல."

விசையை இழுத்தாள். டிக். தோளிலிருந்து இறக்காமல், அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னால் தள்ளினாள். டிக். பின்கட்டை பஞ்சின் மேல் வழுக்கியது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் குழலின் நுனி லேசாகக் குனிந்தது. வெடிக்காது என்று தெரிந்தும் குனிந்தது.

"பின்னால சாயுற அக்கா. எருமை ஓடி வருது, நீ உக்கார நாக்காலி தேடுற."

"வாய மூடு."

"நான் மூடிக்கிறேன். எருமை மூடுமா?"

அவன் ரைபிளை வாங்கிப் பூட்டும்வரை இழுத்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போதும் சுட்டுவிரல் சும்மா மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

காலையில் சின்ன மகன் திகோ கால்களைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவனைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டுதான் சோளக்களி கிண்டினாள். அவன் உதைத்தான், துள்ளினான், தலைமுடியை இழுத்தான். அவள் முன்னால் சாய்ந்து நின்று கிண்டிக்கொண்டே இருந்தாள். களி வெந்து இறக்கியதும் தங்கை வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

வறண்ட ஆற்றுக்குள்தான் வகுப்பு. சக்கரப் பலகையில் ஒட்டிய எருமைத் தலைப் படம் கயிற்றில் இழுபட்டு ஆளை நோக்கி ஓடி வரும். வந்து சேர்வதற்குள் சுட வேண்டும். ஹ்லமலானியின் முறை கடைசியில். மற்றவர்கள் சுட்ட ஒவ்வொரு வெடியும் அவள் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். வேர்வையில் ஊறிய பஞ்சு தோளில் அரித்தது. அரிக்கும்போதெல்லாம், அடி வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

சட்டென்று சட்டைக்குள் கையைவிட்டுப் பஞ்சைத் தையலோடு பிய்த்து எடுத்தாள்.

ரைபிளைக் கொண்டுவந்த ரிசிமாதி பார்த்துவிட்டான். "எருமைக்குத் தூக்கம் போச்சா?"

"இந்தா, நீ வெச்சுத் தூங்கு" என்று பஞ்சை அவன் மேல் எறிந்தாள்.

திவுலாவி ஐயா முதுகைக் காட்டி நின்று தோட்டாக்களை நிரப்பினார். ரைபிளைக் கொடுத்துவிட்டு அவள் பக்கவாட்டில் போய் நின்றார். "தயாரா?"

தலையை ஆட்டினாள். பின்கட்டை வெறும் தோளில் எலும்போடு ஒட்டி உட்கார்ந்தது. உடம்பு பின்னால் சாயப் பார்த்தது. முதுகில் திகோ துள்ளினான் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தாள். துள்ளட்டும், விழமாட்டான்.

புதருக்குப் பின்னாலிருந்து எருமைத் தலை கிளம்பியது. சக்கரம் மணலில் கடகடத்தது. நெற்றியைப் பார்த்தாள். விசையை இழுத்தாள்.

டிக்.

குழல் நெற்றியிலேயே நின்றது.

கை தானாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளியது. தலை இன்னும் பக்கத்தில் வந்திருந்தது. அடுத்தது வெடித்தது. அடி தோளில் விழுந்தது, விழுந்துவிட்டுப் போயிற்று. எருமையின் நெற்றியில் துளை வழியே வானம் தெரிந்தது.

திவுலாவி ஐயா துளையைப் பார்க்கவேயில்லை. முதலிலிருந்தே அவர் பார்த்தது குழலின் நுனியை மட்டும்தான். ரைபிளை வாங்கிச் சோதித்துவிட்டு ரிசிமாதியிடம் சொன்னார்: "உங்க மேலாளர்கிட்ட சொல்லு. வேலிக்கு வேற ஆளப் பாக்கணும்."

அதற்கப்புறம் அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் நுழைத்தாள், எடுத்தாள், மறுபடி நுழைத்தாள்.

ரிசிமாதி துடைக்கும் கம்பியையும் துணியையும் நீட்டினான்.

"இப்பத் துடை அக்கா. இப்பத்தான் அழுக்காயிருக்கு."