தேவை காணப்படவில்லை

கர்ப்பிணிகளைப் பார்க்க வந்த துரையின் கண்ணில் ஒரு கர்ப்பிணிகூடப் படாமல் ஒளித்து வைத்தவன் நான்தான். வேறு யாராவது செய்திருந்தால் இதை இன்னும் ரசித்துச் சொல்லியிருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். மலாயாவில் செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. எங்கள் மாதர் சகாய சங்கத்துக்குக் காரியதரிசியும் நானே. மாதரில் யாருக்கும் இங்கிலீஷ் எழுத வராது என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. சங்கம் கேட்டது ஒரு பிரசவ அறையும் படித்த ஒரு நர்ஸும். இருந்தது மருத்துவச்சி பேச்சியம்மாளும் ஒரு வெந்நீர்ப் பானையும். பிள்ளை குறுக்கே கிடந்தால் மாட்டு வண்டியில் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி. பாதி வழியில் திரும்பி வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு துரைசானி பெயரில் தர்ம நிதி இருப்பதாகக் கேள்விப்பட்டு மனு எழுதினேன். என் இங்கிலீஷில் பணிவு அதிகம், வினைச்சொல் குறைவு. மூன்றாவது மனுவுக்குத்தான் பதில் வந்தது: நேரில் பார்த்துத் தீர்மானிக்க ஒரு துரை வருவார்.

எனக்குக் கல்யாண வீட்டுப் பரபரப்பு. கூலி ஜனங்கள் குடியிருந்த லயத்து வாசலெல்லாம் சாணி தெளிக்க வைத்தேன். மாவிலை கிடைக்காமல் ரப்பர் இலையில் தோரணம் கட்டினேன். பெரிய கிராணி ஸ்டானிஸ்லாஸ் வீட்டிலிருந்து பீங்கான் கோப்பைகள் இரவலாக வந்தன. பிள்ளைத்தாச்சிகள் மொத்தம் பதினோரு பேர். அவர்களை ஒரு அந்நிய ஆண் முன்னால் வயிறும் கையுமாக வரிசையில் நிறுத்துவதா? மானம் ஒரு பக்கம், கண்ணேறு ஒரு பக்கம். கடைசி லயத்துக்குப் பின்னால் போய் இருங்கள், நான் கூப்பிடும்வரை சத்தம் காட்டாதீர்கள் என்று அனுப்பிவிட்டேன்.

துரை டீ குடித்தார். தோரணத்தைப் பார்த்தார். பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். தங்கள் தயவால் எல்லோரும் சௌக்கியம் என்றேன். வீட்டுக்கு வந்தவரிடம் வேறென்ன சொல்வது? அவர் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்களைக் கூப்பிட நல்ல சமயம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. குடியிருப்பு சுத்தம், ஜனங்கள் ஆரோக்கியம், மனுவில் கண்ட தேவை நேரில் காணப்படவில்லை. எனக்கு நானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ் மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் வேலுவின் மனைவி தனலெட்சுமிக்கு வலி கண்டது. பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. தலைப்பிள்ளை, குறுக்கே கிடந்தது. மழையில் வண்டிப் பாதை அறுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு நாள் போராடிப் பேச்சியம்மாள் தாயை மட்டும் மீட்டாள்.

அதன் பிறகு ஆள் ஆளாகப் போய், என்னாலதானா என்று கேட்கிற வியாதி எனக்குப் பிடித்தது. இல்லை என்று சொல்லக்கூடியவர்களாகப் பார்த்துத்தான் கேட்டேன். நீங்க என்னா பண்ணுவீங்க என்றாள் பேச்சியம்மாள். வேலு எங்கோ பார்த்துக்கொண்டு தலையெழுத்து என்றான். ஸ்டானிஸ்லாஸ் மட்டும் விளக்கமாக ஆறுதல் சொன்னார்.

"விடு லா, கனகராஜு. பதினோரு பேரையும் முன்னால நிறுத்தியிருந்தா, வேல செய்ய வந்த எடத்துல இத்தன வயிறு எதுக்குன்னு கேட்டுட்டுப் போயிருப்பான்."

சிரித்தேன். மறுநாள் இன்னொருவரிடம் போய்க் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் தனலெட்சுமி ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குத் திரும்பினாள். நிறுவைக் கொட்டகையில் கடைசி ஆளாக வந்து, என் மேசைக்கு முன்னால் வாளிகளை இறக்கினாள். வேறு யாரும் இல்லை. பேனாவைப் பிடித்தபடி, தலை நிமிராமல் அவளிடமும் கேட்டுவிட்டேன்.

"ஆமாங்கய்யா," என்றாள். "உங்களாலதான்."

குரலில் கோபம் இல்லை. எத்தனை ராத்தல் என்று கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"அன்னிக்கு லயத்துக்குப் பின்னால எங்ககூட நின்ன காளியம்மாவுக்கு இருமல் வந்திருச்சு. நாந்தான் அவ வாயப் பொத்துனேன். கார் சத்தம் நல்லாவே கேட்டுச்சு. இப்பக் கூப்பிடுவீங்க, இப்பக் கூப்பிடுவீங்கன்னு நின்னோம்."

நிமிர்ந்தேன். அவள் ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. மரத்துப் பால் பட்டால் சீக்கிரம் இறுகிக் கறுத்துவிடும். இது வெறும் ஈரமாகவே இருந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, முதல் வாளியைத் தூக்கித் தராசில் வைத்தாள்.