பன்றிக் காவல்

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் ஓபெட் நிக்கர்சன் எழுந்து, பன்றிக் காவல் பதவிக்கு ஜாபெஸ் தர்லோவின் பெயரைச் சொன்னதும் ஜெபக்கூடமே சிரித்தது. தெருவில் திரியும் பன்றிகளைப் பிடித்து, மூக்கில் வளையமும் கழுத்தில் மரநுகமும் மாட்டுகிற வேலை அது. புது மாப்பிள்ளைகளைக் கேலி செய்ய அதை அவர்கள் தலையில் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். தர்லோவோ அறுபதைத் தாண்டியவர். பல வருடங்கள் அதே கூடத்தின் மேடையில் நின்று கூட்டம் நடத்தியவர். பிறகு எங்கள் பிரதிநிதியாக வாஷிங்டன் சபைக்குப் போனவர். அங்கே, எந்தக் கப்பலும் வெளிநாடு போகாதபடி துறைமுகங்களை அடைக்கும் சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். ஓபெட்டின் கப்பல் ஒரு வருடத்துக்கு மேலாகக் கரைச் சேற்றில் கிடந்து உளுத்தது. இலையுதிர் காலத் தேர்தலில் ஊர் தர்லோவைத் தோற்கடித்தது. அதுவும் போதவில்லை போலும்.

"என் கப்பலைக் கட்டிப்போட்டாரு. பன்னியையும் கட்டட்டும்," என்றார் ஓபெட்.

"பொண்ணு யாருய்யா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

கைகள் உயர்ந்தன. பதவியை ஏற்காதவர்களுக்கான அபராதத்தைக் கட்டிவிட்டு தர்லோ மறுத்திருக்கலாம். ஆனால் மறுத்து வெளியேறியவர் இனி இந்தக் கூடத்தில் வாய் திறக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தர்லோ மெதுவாக முன்னால் நடந்து வந்தார். தொப்பியை மேசைமேல் வைத்தார். வாஷிங்டனில் உயர்ந்த அதே கையை உயர்த்திப் பதவிப் பிரமாணம் செய்தார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

மறுநாள் காலை, உருகும் பனிச் சேற்றில் ஓபெட்டின் பெண்பன்றியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு, தோளில் நுகத்தோடு, ஓபெட் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார் தர்லோ. எதிர்வீட்டு வேலியோரம் நாங்கள் சிலர் நின்றிருந்தோம்.

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே," என்றார் ஓபெட்.

"அடுத்த கூட்டத்துக்கும் வரணுமே, ஓபெட்."

"அன்னிக்குக் கை தூக்கினது தப்புன்னு இப்பவாவது சொல்லுங்க. விட்டுடறேன்."

தர்லோ நுகத்தைக் கீழே இறக்கினார். "இங்கிலாந்தோட சண்டை வந்துடக் கூடாதுன்னு தூக்கினேன். அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். உன் கப்பல் போச்சு. இல்லேன்னும் சொல்ல மாட்டேன்." பன்றி அவர் முழங்காலில் முட்டியது. "தனியா முடியலைப்பா. பின்னங்காலைப் பிடி."

ஓபெட் படலைத் திறந்துகொண்டு வந்து சேற்றில் மண்டியிட்டார். பன்றி வீறிட்டது. இரண்டு கைகளாலும் அதன் காலை இறுக்கிப் பிடித்தபடி, தர்லோவின் முகத்தைப் பாராமல், கூரைகளுக்கு மேலே பாயில்லாமல் நிற்கும் தன் கப்பலின் பாய்மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.